ஓசுவை எங்கள் அம்மாக்களுக்கும் காட்டுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் திரைப்படச் சங்கங்களை நடத்திவரும் தோழர்களுக்கு,

வணக்கம்.

மண்டபத்துக்கு வாடகை தேற்றி, புரொஜெக்டரை யாரிடமாவது இரவல் வாங்கி, இருபது பேர் வந்தாலும் சலிக்காமல் நீங்கள் நடத்தும் திரையிடல்களில் பல வருடங்களாகப் பின்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தவள் நான். பாட்டும் சண்டையும் இல்லாமலும் சினிமா உண்டு என்று எனக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான். அந்த நன்றியோடு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடுங்கள். அந்தத் திரையிடலுக்கு அறுபது வயது தாண்டியவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் 'டோக்கியோ ஸ்டோரி' போட்டார்கள். படத்துக்கு முன் அறிமுக உரை. பேசியவர் நன்றாகப் படித்தவர், சொன்னதெல்லாம் சரியான தகவல். ஓசு 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவின் ஃபுகாகவா பகுதியில் பிறந்தார், 1963-இல் அதே டிசம்பர் 12 அன்று, அறுபது முடிந்த நாளில் இறந்தார். காமகுராவில் இருக்கும் அவர் கல்லறையில் பெயர்கூடக் கிடையாது, 'மு' என்ற ஒற்றை எழுத்துதான், 'இன்மை' என்று பொருள். 50 மில்லிமீட்டர் லென்ஸ், தரையை ஒட்டிய கேமரா, நகராத ஷாட். இப்படியே ஐம்பது நிமிடம் போனது. அப்புறம் விளக்கை அணைத்து ஆங்கில சப்டைட்டிலோடு படத்தைப் போட்டார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் என்று அறிமுகத்தின் போதே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "அந்தக் கிழவனும் கிழவியும் யாரும்மா, எங்க போறாங்க? எழுத்து ஓடுற வேகத்துக்கு எனக்குப் படிக்க வரலை" என்றார். நான் சுருக்கமாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி "உஷ்" என்றார். பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படமே அவரைப் பற்றியதுதானே! பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து கிளம்பி வந்து, 'இங்கே நமக்கு வேலையில்லை போல' என்று சத்தம் போடாமல் எழுந்து போகும் பெரியவர்களைப் பற்றிய படம். அதைப் பார்க்க வந்தவரையே நாம் அப்படி எழுந்து போக வைத்துவிட்டோம்.

நான் ஒரகடம் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவள். இயந்திரக் கையேடுகளும் பாதுகாப்புக் குறிப்புகளுமாகவே பொழுது போகும். அந்தத் திரையிடலுக்கு அடுத்த வாரம் ராத்திரிகளில் உட்கார்ந்து 'டோக்கியோ ஸ்டோரி'யின் வசனங்களை ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். முக்கால்வாசி முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டு டிவியில் படத்தை ஓடவிட்டு, எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டே போனேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஓசு என்ற பெயரைக் கேட்டதில்லை.

படம் ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் தொடங்குகிறது. ஷூகிச்சியும் அவர் மனைவி டோமியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். பெட்டி கட்டும்போது காற்றடைக்கும் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லையே என்கிறாள் அவள். கடைசியில் அது அவர் பையிலேயே இருக்கிறது. "இருக்கு, இருக்கு" என்கிறார். அம்மா சிரித்துவிட்டார். "உங்கப்பா கண்ணாடி தேடுவாரே, அதே கதை." அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவரைச் சொல்லி அம்மா சிரித்து நான் பார்த்ததும் அத்தனை நாளாயிற்று.

அதன் பிறகு படத்தை விட்டு அம்மா கண்ணை எடுக்கவில்லை. பெரிய மகன் கோயிச்சி டாக்டர். ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நோயாளி வந்துவிட, வெளியே போவது நின்றுவிடுகிறது. டோமி சின்னப் பேரனைக் கூட்டிக்கொண்டு புல்மேட்டுக்குப் போகிறாள். அவன் பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். நீயும் அப்பா மாதிரி டாக்டராவாயா என்று கேட்டுவிட்டு, நீ டாக்டராகும்போது பாட்டி இருப்பேனோ என்னவோ என்கிறாள். பையன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அம்மா கையை நீட்டி, நிறுத்து என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, போடு."

தோழர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்து நடந்ததைத்தான். மூத்த மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறவள். சலூனில் கூட்டம் இருக்கிறது, இடமில்லை என்று அப்பா அம்மாவை அட்டாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே ராத்திரியெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருக்க, தூங்க முடியாமல் சீக்கிரமே திரும்பி வருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். தாய் இறந்து, சடங்கு முடிந்த சாப்பாட்டின்போதே அம்மாவின் ஒபியையும் (இடுப்பில் கட்டும் அகலப் பட்டை) கிமோனோவையும் நினைவாக எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்கிறாள். நம் திரையிடல்களுக்குப் பிறகு நடக்கும் பேச்சில் ஷிகேயைத் திட்டாத இளைஞரை நான் பார்த்ததில்லை. நானும் திட்டியிருக்கிறேன். ஷிகேயாக வரும் ஹருகோ சுகிமுராவின் நடிப்பு அப்படி.

அம்மா திட்டவில்லை. "கேக்கத்தான் செய்வா, பொண்ணு இல்லையா? கடையை யாரு பாத்துப்பா? அழுதுக்கிட்டே கேட்டா நல்லவ, அழாம கேட்டா கெட்டவளா?" என்றார். பாட்டி இறந்த பதினாறாம் நாள் பாட்டியின் பித்தளைக் குடத்தைத் தான் கேட்டு வாங்கி வந்த கதையையும் சொன்னார். அந்தக் குடம் இன்னமும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

படத்தின் கடைசிப் பகுதியில் கடைக்குட்டி க்யோகோ இதே ஷிகேயைப் பற்றித்தான் ஆத்திரப்படுகிறாள். போரில் செத்துப்போன இரண்டாவது மகனின் மனைவி நோரிகோ அவளைச் சமாதானப்படுத்துகிறாள். பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர் வாழ்க்கை என்றாகிவிடும், அக்கா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நானும் ஒருநாள் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள். அந்தக் காட்சி வருவதற்கு முன்பே அம்மா அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டுரைகள் படித்து நான் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டது அவருக்குக் குடும்பம் நடத்திய அனுபவத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட பார்வையாளர்களை ஆங்கில எழுத்தைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

இன்னொன்றும் உண்டு. ஓசுவின் வசனத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாகவே பொருந்துகிறது. மொழிப்பற்றில் சொல்லவில்லை, வேலை செய்து பார்த்துச் சொல்கிறேன். ஓசுவின் படங்களில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. நோரிகோ ஷூகிச்சியையும் டோமியையும் 'அப்பா', 'அம்மா' என்று பொருள்படும் மரியாதைச் சொற்களால் அழைக்கிறாள். ஆங்கிலத்திலும் அது அப்பா, அம்மா என்றே வருவதால், கவனிக்காமல் பார்க்கும் புதியவருக்கு அவள் மகளா மருமகளா என்று குழப்பம் வந்துவிடும். தமிழில் 'மாமா', 'அத்தை' என்று எழுதிய மாத்திரத்தில் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. க்யோகோ அவளை 'ஒனேசான்', அதாவது அக்கா, என்கிறாள். ஆங்கிலத்தில் பல இடங்களில் வெறும் பெயர்தான் வரும். நமக்கு 'அண்ணி' இருக்கிறது. அண்ணன் செத்து எட்டு வருடமாகியும் அவள் இன்னும் அண்ணி என்பதல்லவா அந்தப் படமே!

நன்றி சொல்வதைத்தான் தமிழாக்குவது கஷ்டம். டோமி அடிக்கடி 'அரிகாதோ' என்கிறாள். நோரிகோ தன் சின்னச் சம்பளத்திலிருந்து மாமியாருக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கிறாள். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு டோமி வாங்கிக்கொள்கிறாள். அங்கே 'நன்றி' என்று எழுதினால் வங்கிக் கவுன்டரில் சொல்வது போலாகிவிடும். நம் வீட்டு மாமியார் மருமகளிடம் நன்றி சொல்வாளா? "எதுக்கும்மா இதெல்லாம்" என்று முதலிலும், "நல்லா இரும்மா" என்று கடைசியிலும் போட்டேன். அம்மா தலையாட்டினார்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வரி. க்யோகோ கேட்பதையும் நோரிகோ புன்னகையோடு பதில் சொல்வதையும் ஆங்கிலத்தில் 'வாழ்க்கை ஏமாற்றமளிக்கிறது, இல்லையா' என்ற தோரணையில் எழுதுவார்கள். கேட்கப் பெரிய தத்துவம் போல இருக்கும். ஜப்பானியத்தில் இருக்கும் சொல் 'இயா'. மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தை சொல்லும் சொல்லும் அதுதான். உலகம் பிடிக்கவில்லை என்கிறாள் ஒரு சின்னப் பெண், ஆமாம், பிடிக்காததாகத்தான் இருக்கிறது என்கிறாள் இன்னொருத்தி. "என்ன உலகம் அண்ணி இது, பிடிக்கவே இல்ல." "ஆமா. பிடிக்காததுதான் நிறைய." இப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன். நோரிகோவாக நடிக்கும் செட்சுகோ ஹாரா அந்த வரியைச் சிரித்துக்கொண்டே சொல்வதற்கு இந்த எளிய சொல்தான் இடம் கொடுக்கிறது.

மனைவி இறந்த காலையில் ஷூகிச்சி வெளியே தனியாக நிற்கிறார். தேடிக்கொண்டு வரும் நோரிகோவிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயிலாகத்தான் இருக்கும் என்கிறார். அவ்வளவுதான். "இன்னைக்கும் வெக்கையா இருக்கும்" என்று எழுதினேன். 'வெக்கை' என்ற சொல்லை நமக்குக் கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். படம் முழுக்க எல்லோர் கையிலும் விசிறி அசைந்துகொண்டே இருக்கிறது. நோரிகோவின் ஒற்றை அறையில் மாமனாரும் மாமியாரும் சாப்பிட, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த சாகே என்ற அரிசி மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் விசிறுகிறாள். மின்விசிறி நின்றுபோன மத்தியானங்களில் அம்மா எனக்கு விசிறியதும் இதே வேகத்தில்தான்.

வட்டார வழக்கை என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். பெரியவர்கள் பேசுவது ஓனோமிச்சிப் பேச்சு, பிள்ளைகள் பேசுவது டோக்கியோப் பேச்சு. கிழவனாரைத் திருநெல்வேலிக்காரராக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பத்துக் காட்சிக்கு எழுதியும் பார்த்தேன். அவர் ஓனோமிச்சியை விட்டுத் தாமிரபரணிக் கரைக்கே வந்துவிட்டார். அழித்துவிட்டேன். பெரியவர்களுக்குக் கொஞ்சம் பழைய, நிதானமான பேச்சும் பிள்ளைகளுக்கு அவசரப் பேச்சும் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

தமிழ் வரி நீளமாகிவிடும், திரையில் ஓடுவதற்குள் படிக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். மற்ற படங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். ஓசுவிடம் பெரும்பாலும் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் முகத்துக்கு வெட்டு. பேசுகிறவர் நம்மைப் பார்த்தே பேசுவது போல நேராக உட்கார்ந்திருப்பார். வாக்கியங்களும் சின்னவை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் நேரம் கிடைக்கும். பேச்சு இல்லாத இடங்களில் வெறும் தாழ்வாரம், கொடியில் காயும் துணி, போகும் ரயில் என்று ஒரு மூச்சு இடைவெளி விடுகிறார். கேமரா ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதற்கு எத்தனையோ விளக்கங்கள். பாயில் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்த உயரம் ஒரு விநோதமே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்க்கிற உயரம்தான்.

ஜப்பானிலேயே ஓசுவை வெளிநாட்டாருக்குப் புரியாதவர் என்று ரொம்ப நாள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1951-இல் இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவின் 'ரஷோமோன்' வெனிஸில் முதல் பரிசு வாங்கிய பிறகும், ஓசுவின் படங்கள் ரொம்பவே ஜப்பானியத் தன்மையுடையவை, ஏற்றுமதிக்கு ஆகாது என்ற எண்ணம் போகவில்லை. 1953-இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி'க்கு லண்டனில் 1958-இல்தான் சதர்லாந்து கோப்பை கிடைத்தது. நியூயார்க்கில் திரைக்கு வர 1972 ஆனது. 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலக இயக்குநர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம். வெளிநாட்டாருக்குப் புரியாது என்று அன்று ஜப்பானியர்கள் நினைத்த தவறைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் இன்று நாம் செய்துகொண்டிருக்கிறோம். குரோசாவாவைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. 'செவன் சாமுராய்' எத்தனை முறை போட்டாலும் வந்து உட்காருவேன்.

ஓசுவுக்கும் நமக்கும் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு தொடர்பும் உண்டு. 1943-இல் ஜப்பானிய ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சுபாஷ் சந்திர போஸின் இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி, 'டெல்லிக்கு, டெல்லிக்கு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பிரச்சாரப் படம் எடுப்பது வேலை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகப் போய்ச் சேர்ந்த போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் காலம் அது. படம் முடியவில்லை. ஓசு அங்கே கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், 'சிட்டிசன் கேன்' உட்பட. 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றதும் எடுத்தவரையிலான சுருளையும் கதையையும் அழித்துவிட்டார். காவலில் வைக்கப்பட்டு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார். ஊர் திரும்பும் முதல் கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை என்று சீட்டுக் குலுக்கியபோது அவர் பெயர் வந்தது. சீக்கிரம் போகத் துடித்த இன்னொருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். அதற்கு முன் 1937 முதல் 1939 வரை சீனப் போரில் சிப்பாயாக இருந்தவர். ஜப்பானியப் படை சீனாவில் செய்ததை மறந்துவிட்டு ஓசுவைக் கொண்டாடச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் படங்களில் போர் எங்கே வருகிறது என்று பாருங்கள். நோரிகோவின் அறையில் அவளுடைய இறந்த கணவன் ஷோஜியின் புகைப்படமாக இருக்கிறது, அவன் படுத்த படுக்கையில் அவன் அம்மா ஓர் இரவு படுத்துத் தூங்குவதில் இருக்கிறது.

'டோக்கியோ ஸ்டோரி' ஒன்றோடு நிறுத்த வேண்டாம். 1949-இல் வந்த 'லேட் ஸ்பிரிங்'கில் மகளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவைக்கத் தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக ஓர் அப்பா பொய் சொல்கிறார். கல்யாணத்தைச் சுற்றியே கதை, ஆனால் கல்யாணத்தையோ மாப்பிள்ளையையோ திரையில் காட்டுவதே இல்லை. கடைசியில் காலி வீட்டில் அப்பா ஆப்பிள் தோலைச் சுருள் சுருளாகச் சீவுகிறார். தோல் கீழே விழுகிறது, தலை கவிழ்கிறது. அங்கே வாய்விட்டு அழச் சொன்னாராம் ஓசு. தன்னால் முடியாது என்றாராம் நடிகர் சிஷூ ரியூ. அழாமலே எடுத்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறிச்சோடிய கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த இரண்டு நிமிடத்தைக் காட்டாமல் யாருக்குக் காட்டப்போகிறோம்?

பிள்ளைகளுக்கென்றால் 1959-இல் வந்த வண்ணப்படம் 'குட் மார்னிங்'. டிவி வாங்கித் தராததால் இரண்டு பையன்கள் மௌன விரதம் இருக்கிறார்கள். பெரியவர்கள்தான் வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பியாச்சு என்று ஒன்றுமில்லாததையே பேசுகிறார்களே என்பது பையன்களின் வாதம். குசு விடும் போட்டிகூட அதில் உண்டு. பள்ளிக்கூடத்தில் போட்டுப் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும். 'சாப்பிட்டாச்சா' என்ற கேள்விக்குள் நாம் எதையெல்லாம் வைத்துப் பேசுகிறோம் என்று ஆசிரியர்கள் அப்புறம் பேசலாம்.

செய்யவேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. திரையிடும் அனுமதிக்குப் புது தில்லியில் இருக்கும் ஜப்பான் அறக்கட்டளை அலுவலகத்திடம் வழி கேட்டுக் கடிதம் எழுதுங்கள், ஜப்பானிய மொழியில் எழுதவேண்டியதை நான் எழுதித் தருகிறேன். அறிமுக உரை ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். லென்ஸ் பற்றிய பேச்சைப் படம் முடிந்தபின் இருக்க விரும்புகிறவர்களோடு பேசிக்கொள்ளலாம். மாலை ஆறரை வேண்டாம், மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள். பெரியவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். 136 நிமிடப் படம், நடுவே ஒரு இடைவேளை விடுங்கள். ஓசுவை வெட்டலாமா என்று கேட்காதீர்கள், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அது தேவை. முன்னால் பாய் விரியுங்கள். யாராவது பக்கத்தில் இருப்பவரிடம் கதை கேட்டால் "உஷ்" என்று அடக்காதீர்கள்.

'டோக்கியோ ஸ்டோரி'க்கான தமிழ் சப்டைட்டில் கோப்பு என்னிடம் தயாராக இருக்கிறது. கேட்கும் எந்தச் சங்கத்துக்கும் காசு வாங்காமல் தருகிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் இன்னும் கை ஓடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக விசாரித்துவிட்டுப் போகிறாள். தனியாளாகிவிட்டால் பகல் திடீரென்று நீண்டுவிடுகிறது என்கிறார் ஷூகிச்சி. "ஒண்டியா ஆயிட்டா பொழுது போகமாட்டேங்குது" என்று முதலில் எழுதினேன். அது எல்லோரும் சொல்வது. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பொழுது போகலன்னு இல்ல. பொழுது வளந்துபோச்சு" என்றார். இப்போதைக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன். கூடத்தில் நாலு பேர் படித்து எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

உங்களில் யார் முதலில் போட்டாலும் சொல்லி அனுப்புங்கள், கோப்போடு நானே வருகிறேன். அம்மாவும் வருவார். அவருக்கு மட்டும் பாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். முழங்கால் வலி.

அன்புடன்,
உங்கள் பின்வரிசைப் பார்வையாளர்களில் ஒருத்தி